விமானியறையில் விழித்திருப்பது யார்?

முல்லைத்தீவு மாவட்டத்து மக்களுக்கு விமானம் என்பது நெடுங்காலம் தலைக்கு மேலே கேட்கும் ஓர் இரைச்சலாகவே இருந்தது. அந்த இரைச்சலைக் கொண்டே வருவது கிபிரா, சரக்கு விமானமா, ஆளில்லா வேவு விமானமா என்று சிறு பிள்ளைகளும் பிரித்தறிந்த காலம் அது. வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. இன்று அதே மக்கள் விமானத்தின் உள்ளே அமர்ந்து பயணிக்கிறார்கள். மாங்குளம் ஏறி ஏ-9 வீதி வழியே இரவோடிரவாகக் கட்டுநாயக்கவுக்குப் போய் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். பரந்தன் வழியாகப் பலாலிக்குச் சென்று சென்னைக்கோ திருச்சிக்கோ பறக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு இரு தசாப்தங்கள் புத்தளத்து முகாம்களில் கழித்துவிட்டு, முள்ளியவளைக்கும் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களில் இருந்தும் முதியவர்கள் உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்கிறார்கள்.

விமானத்தில் ஏறும் எவரும் விமானியின் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை. ‘இப்போது எல்லாம் கணினிதான் ஓட்டுகிறது, விமானி சும்மா இருப்பார்’ என்ற பேச்சை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதியின் விலை என்ன என்பதை 1974 ஆம் ஆண்டில் இருந்து இந்தப் பிராந்தியம் உயிர்களைக் கொடுத்து அறிந்து வந்திருக்கிறது. 2025 டிசெம்பரில் அண்டை நாட்டின் மிகப் பெரிய விமான சேவை நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை இரத்துச் செய்து மக்களை விமான நிலையங்களில் படுக்க வைத்தபோதும் அடிப்படையில் இருந்த கேள்வி இதுவேதான். எனவே இதனைச் சற்று விரிவாக நோக்க விரும்புகிறோம்.

நவீன பயணிகள் விமானம் மேலெழுந்த சில நிமிடங்களுக்குள் தன்னியக்கச் செலுத்தி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. தரையிறங்குவதற்குச் சற்று முன்னர் வரை உயரத்தையும் திசையையும் வேகத்தையும் கணினிகளே கவனிக்கின்றன. ஒரு காலத்தில் விமானியறையில் இரு விமானிகளோடு வானொலித் தொடர்பாளர், வழிகாட்டுநர், விமானப் பொறியியலாளர் என ஐவர் வரை இருந்தனர். கருவிகள் திருந்தத் திருந்த அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். எஞ்சிய இருவரில் ஒருவர் விமானத்தைச் செலுத்துபவர். மற்றவரை முன்னர் ‘செலுத்தாத விமானி’ என்றே கைநூல்கள் அழைத்தன. இன்று அவருடைய பெயர் ‘கண்காணிக்கும் விமானி’. ஒன்றும் செய்யாதவர் என்ற பொருள் தந்த பெயரை நீக்கி, கண்காணிப்பதே ஒரு தொழில் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்குப் பல விபத்துகள் தேவைப்பட்டன.

கண்காணிப்பு எவ்வளவு கடினமான தொழில் என்பதை வன்னியில் வயற்காவல் இருந்தவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, துணுக்காய்ப் பக்கங்களில் கதிர் முற்றும் காலத்தில் பரணில் ஏறி இரவு முழுவதும் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பார்கள். யானை வந்துவிட்டால் வேலை இலகு. தகரத்தைத் தட்டலாம், வெடி கொளுத்தலாம், கூவலாம். வராத இரவுதான் கடினம். எதுவும் நடக்காத இருளை எட்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க எந்த மனிதனாலும் முடியாது. அதனாலேயே காவலுக்குத் தனியே போவதில்லை. இருவராகப் போய்க் கதை பேசியபடி இருப்பார்கள். மின்வேலி வந்த பின்னர் நிலைமை மாறியது. வேலி இருக்கிறது என்ற தைரியத்தில் காவலாளி கண்ணயர்கிறான். மின்சாரம் நின்றுபோன ஓரிரவில், மரத்தைச் சாய்த்து வேலியை விழுத்தக் கற்றுக்கொண்ட யானை உள்ளே வருகிறது. திடுக்கிட்டு எழுபவனுக்குத் தகரம் எங்கே, தடி எங்கே என்பதே சில கணங்கள் தெரிவதில்லை.

இதையே ஆய்வுகூடத்தில் காட்டியவர் நோர்மன் மக்வேர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர். இரண்டாம் உலகப் போரில் ராடர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணுக்கு முன்னால் தோன்றிய சமிக்ஞைகளை ஏன் தவறவிட்டார்கள் என்பதே அவருக்கு முன்னிருந்த வினா. கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் ஒன்று ஒரே சீராகத் தாவிச் செல்லும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் தெரிவிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் அமர்ந்திருந்தவர்களில் பலர் முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே தவறவிடத் தொடங்கினர். இது 1948 இல் வெளியான முடிவு. 1983 இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற மற்றொரு பிரித்தானிய உளவியலாளர் இதிலிருந்து ஒரு படி மேலே சென்றார். இலகுவான வேலைகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கிறோம்; இயந்திரத்தால் முடியாத கடினமான வேலை வரும்போது மட்டும் மனிதனை அழைக்கிறோம்; ஆனால் இடைக்காலத்தில் அவனுடைய கைப்பழக்கத்தை நாமே மங்க வைத்துவிடுகிறோம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். இன்று வரை அதற்கு முழுமையான மறுமொழி கிடைக்கவில்லை.

கருவியை நம்பிக் கண்காணிப்பைத் தளர்த்துவதன் விளைவை இலங்கை மண் கண்டது கணினி யுகத்துக்கு முன்னரே. 1974 டிசெம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் மஸ்கெலியாவுக்கு அண்மையில் சப்த கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. யாத்திரிகர்கள் 182 பேரும் பணியாளர்கள் 9 பேருமாக விமானத்தில் இருந்த 191 பேரும் உயிரிழந்தனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த மிக மோசமான விமான விபத்து இன்றும் அதுவே. மலையகத்தின் மூத்த தலைமுறை அந்த இரவை மறக்கவில்லை.

அந்த விமானத்தில் எந்தக் கோளாறும் இருந்ததாகக் கண்டறியப்படவில்லை. கட்டுநாயக்கவை அணுகிவிட்டோம் என்று விமானிகள் எண்ணினர். உண்மையில் அவர்கள் இன்னும் மத்திய மலைநாட்டின் மேலேயே இருந்தனர். விமானத்தில் பொருத்தப்பட்டிருந்த டொப்ளர் வழிகாட்டிக் கருவியையும் வானிலை ராடரையும் சார்ந்து தம் இடத்தைக் கணித்ததே தவறான விளக்கத்துக்கு இடம் தந்தது, அதனாலேயே பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பது விசாரணையின் முடிவு. கருவி சொன்னது ஒன்று, அதனை அவர்கள் புரிந்துகொண்டது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் நின்று ‘இது சரிதானா’ என்று கேட்க வேண்டிய கண்காணிப்பு அந்த இரவில் இல்லாமற் போனது.

நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே பாதை, அதே வகை விமானம், அதே யாத்திரிகர்கள். 1978 நவம்பர் 15 ஆம் திகதி ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு ஜித்தாவில் இருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசியர்களை ஏற்றிய ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்றின் டிசி-8 விமானம் கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டும் முன்னரே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் பலியாகினர். உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவிகள் அனைத்தையும் விமானிகள் சரிபார்க்கவில்லை, துணை விமானி உரிய உயரங்களில் உரத்துச் சொல்ல வேண்டிய அறிவிப்புகளைச் சொல்லவில்லை, ஓடுபாதை தெரியாத நிலையில் பிரதம விமானி இறங்குவதை நிறுத்தவில்லை என்று இலங்கை விசாரணையாளர்கள் முடிவு செய்தனர். தரையில் இருந்த வழிகாட்டிக் கருவியிலும் கட்டுப்பாட்டாளரிடத்திலுமே குறை என்று ஐஸ்லாந்துத் தரப்பு வாதிட்டது. எத்தரப்பு வாதத்தை ஏற்றாலும் துணை விமானி உரத்துச் சொல்ல வேண்டிய அந்தச் சில சொற்களின் பெறுமதி குறைந்துவிடுவதில்லை. ஒருவர் செலுத்த, மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பவர் சொல்லாதுவிட்டால் இரண்டாம் ஆசனம் வெறும் ஆசனமே.

கணினிமயமான விமானத்தில் இதே குறை எவ்வாறு உருமாறும் என்பதை 1990 பெப்ரவரி 14 ஆம் திகதி பெங்களூர் காட்டியது. இந்தியன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் 605 ஆம் இலக்க விமானம் பம்பாயில் இருந்து வந்தது. சேவையில் சேர்ந்து இரண்டு மாதங்கள் கூட நிறைவடையாத புத்தம் புதிய எயார்பஸ் ஏ-320 அது. அப்போது உலகிலேயே மிக அதிகம் கணினிமயமான பயணிகள் விமானம் இதுவே. விமானியறையில் அமர்ந்திருந்த இருவரும் தொழிலில் அனுபவசாலிகள். ஆனால் இந்த வகை விமானத்துக்குப் புதியவர்கள். ஒருவர் பிரதம விமானியாவதற்கான பயணப் பரீட்சையில் இருந்தார், மற்றவர் பரிசோதகர். நண்பகலுக்குச் சற்றுப் பிந்திய வேளை, தெளிவான வானம், கண்ணெதிரே ஓடுபாதை.

இறங்கும் வேகத்தைக் குறிக்கத் திருப்ப வேண்டிய குமிழுக்குப் பதிலாக உயரத்தைக் குறிக்கும் குமிழைத் திருப்பியிருக்கலாம் என்பதே விசாரணையில் எழுந்த வலுவான அனுமானம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரு குமிழ்கள். கட்டளையைப் பெற்ற கணினி, கேட்டதைச் செய்தது. இயந்திரங்களின் வலுவை முழுவதுமாகத் தளர்த்தி விமானத்தைக் கீழே இறக்கத் தொடங்கியது. பழைய விமானங்களில் இயந்திர வலுவைக் கணினி மாற்றினால் விமானியின் கைக்குக் கீழேயே நெம்பும் நகரும், கை அறிந்துகொள்ளும். இந்த விமானத்தில் நெம்பு அசைவதில்லை. திரையில் தெரியும் எழுத்துகளைப் படித்தால் மட்டுமே கணினி எந்த நிலையில் இயங்குகிறது என்பது தெரியவரும். 132 நொட்டாக இருக்க வேண்டிய வேகம் 106 அளவுக்கு வீழ்ந்தது. இறுதி அரை நிமிடத்தில் பரிசோதகர் அதனைக் கவனித்தார். வழிகாட்டிக் கணினியை நிறுத்துவோமா என்று இருவரும் பேசிக்கொண்டனர். ஒருவர் பக்கத்தில் அது நிறுத்தப்பட்டது, மற்றவர் பக்கத்தில் நிறுத்தப்படவில்லை. இரண்டும் நின்றாலன்றி இயந்திர வலு தானாக உயராது. 400 அடி, 300 அடி, 200 அடி என்று கருவியின் குரல் எச்சரித்துக்கொண்டே இருக்க, வலு நெம்பைக் கையால் முன்னே தள்ளும் மிக எளிய செயலை எவரும் உரிய நேரத்தில் செய்யவில்லை. குழிப்பந்தாட்ட மைதானத்தில் மோதித் தீப்பற்றிய விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர்.

இந்த விபத்தைப் பற்றி நீண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. விமானிகள் சும்மா இருந்ததால் அது நிகழவில்லை. அவர்களுக்கு வேலை அதிகமாக இருந்தது. ஆனால் அது விமானத்தைச் செலுத்தும் வேலையாக இருக்கவில்லை, கணினியைப் புரிந்துகொள்ளும் வேலையாக இருந்தது. தன்னியக்கம் விமானியின் சுமையைக் குறைக்கிறது என்று சொல்லும்போது எந்த நேரத்துச் சுமையை என்று கேட்க வேண்டும். நடுவானில், ஏற்கெனவே சுமை குறைந்திருக்கும் வேளையில் அதை மேலும் குறைத்து உறக்கத்தை வரவழைக்கிறது. தரையிறங்கும் வேளையில், சுமை உச்சத்தில் இருக்கும்போது ‘நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், கண்டுபிடி’ என்று ஒரு புதிரையும் சேர்த்து வைக்கிறது.

உலகெங்கும் இதற்கு உதாரணங்கள் உள்ளன. 2009 ஜூன் 1 ஆம் திகதி அத்திலாந்திக் கடலில் வீழ்ந்த எயார் பிரான்ஸ் 447 இல் வேகமானிக் குழாய்களில் பனி அடைத்ததும் தன்னியக்கச் செலுத்தி தானாக விலகிக்கொண்டது. இருளில் திடீரெனக் கைக்கு வந்த விமானத்தைப் புரிந்துகொள்ள விமானிகளுக்குக் கிடைத்தவை நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமான அவகாசமும் ஒன்றுக்கொன்று முரணான எச்சரிக்கைகளும் மட்டுமே. 228 பேர் மாண்டனர். 2018 இல் இந்தோனேசியாவிலும் 2019 இல் எதியோப்பியாவிலும் வீழ்ந்த இரு போயிங் 737 மெக்ஸ் விமானங்களின் கதை இதைவிடக் கொடியது. ஒரேயொரு உணரியின் பிழையான தகவலை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழ் நோக்கி அழுத்தும் மென்பொருள் ஒன்று அவற்றில் இருந்தது. முதல் விபத்து நிகழும் வரை அப்படியொன்று இருப்பதே விமானிகளின் கைநூலில் விளக்கப்பட்டிருக்கவில்லை. இருக்கிறது என்று தெரியாத ஒன்றை எப்படிக் கண்காணிப்பது? இரு விபத்துகளிலும் 346 உயிர்கள் போயின. பிழையை விமானிகளின் தலையில் கட்டிவிட அப்போதும் முயற்சிகள் நடந்தன என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

இவை எல்லாவற்றோடும் களைப்பைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். வளைகுடாவில் உழைப்போரைச் சுமந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் இரவில் புறப்பட்டு அதிகாலையில் இறங்குகின்றன. 2010 மே 22 ஆம் திகதி துபாயில் இருந்து மங்களூர் வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானமும் அவ்வாறே வந்தது. சுமார் இரண்டு மணித்தியாலம் ஐந்து நிமிடங்கள் கொண்ட ஒலிப்பதிவில் முதல் ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடங்களும் பிரதம விமானி உறங்கிக்கொண்டிருந்ததாக விசாரணை நீதிமன்றம் கண்டது. குறட்டை ஒலியும் பதிவாகியிருந்தது. ஆழ்ந்த உறக்கத்தில் இருந்து எழுந்தவர் உரிய உயரத்துக்கு மேலே, மிகை வேகத்தில் விமானத்தை இறக்கினார். இறங்க வேண்டாம், மேலெழுவோம் என்று துணை விமானி மும்முறை சொன்னதும் பதிவில் உள்ளது. 166 பேரில் 8 பேர் மட்டுமே உயிர் தப்பினர். குடும்பத்துக்காக வெயிலில் வெந்துவிட்டு ஊர் திரும்பியவர்களே மாண்டவர்களில் அதிகம். எமது வீடுகளில் இருந்தும் அதே வளைகுடாவுக்குச் சென்றவர்கள் உண்டு என்பதால் அந்தச் செய்தி அன்று இங்கும் வலித்தது.

அங்கே கண்காணிக்கும் விமானி விழித்திருந்தார், பார்த்தார், சொன்னார். அவருடைய சொல்லுக்கு எடை இருக்கவில்லை. தலைமைக்கு எதிராகப் பேசுவதை மரியாதைக் குறைவாகக் கருதும் தெற்காசியச் சமூகங்களில் இது இயந்திரத்தால் தீரும் பிரச்சினை அன்று. ‘சேர்’ போட்டுப் பழகிய நாக்கு ஆபத்து வேளையில் கட்டளையாகப் பேசக் கற்க வேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு, அதற்கும் பணம் செலவாகும்.

பலாலிக்கு வருவது போன்ற சிறிய ஏ.ரி.ஆர். 72 ரக விமானங்களுக்கு இது பொருந்தாது என்று எவரும் எண்ண வேண்டாம். 2023 ஜனவரி 15 ஆம் திகதி நேபாளத்தின் பொக்காராவில் அந்த ரக விமானம் ஒன்று வீழ்ந்து 72 பேர் பலியாகினர். தரையிறங்கும் பரபரப்பில் இறக்கை மடிப்பின் நெம்புக்குப் பதிலாக, சுழலிகளின் உந்துவிசையை இல்லாமற் செய்யும் நெம்புகள் தவறுதலாக இயக்கப்பட்டன. அதைச் செய்தவர் கண்காணிக்கும் விமானியாக இருந்த அனுபவம் மிக்க பயிற்றுநரே. உந்துவிசை இல்லை என்று மற்றவர் சொன்ன பின்னரும் காரணம் உரிய நேரத்தில் கண்டறியப்படவில்லை. புதிய விமான நிலையம், புதிய அணுகுபாதை, மிகுந்த வேலைப்பளு என்பன விசாரணையில் பேசப்பட்டன. அந்த ரக விமானத்தின் மீது எவரும் அச்சம் கொள்ள வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. உலகெங்கும் நாளாந்தம் நூற்றுக்கணக்கான ஏ.ரி.ஆர். விமானங்கள் பத்திரமாகப் பறக்கின்றன.

2025 டிசெம்பருக்கு வருவோம். விமானிகளின் களைப்பைக் குறைப்பதற்காக இந்திய சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பாளர் நாயகம் வகுத்த புதிய கடமைநேர விதிகள் நீண்ட இழுபறிக்கும் டில்லி மேல் நீதிமன்றத்தின் தலையீட்டுக்கும் பின்னர் இரு கட்டங்களாக, 2025 ஜூலை 1 ஆம் திகதியும் நவம்பர் 1 ஆம் திகதியும் நடைமுறைக்கு வந்தன. வாராந்த ஓய்வு 36 மணித்தியாலத்தில் இருந்து 48 ஆக உயர்ந்தது. விமானி ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட இரவுத் தரையிறக்கங்கள் ஆறில் இருந்து இரண்டாகக் குறைந்தன. இந்த விதிகள் வரப்போவது 2024 ஜனவரி முதலே தெரியும். அப்படியிருந்தும் இன்டிகோ நிறுவனம் போதிய விமானிகளை ஆயத்தப்படுத்தவில்லை. டிசெம்பர் 5 ஆம் திகதி மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்கள் இரத்தாகின. திருமணத்துக்குப் போனவர்களும் மருத்துவத்துக்குப் போனவர்களும் நிலத்தில் படுத்துக் கிடந்த காட்சியை உலகம் பார்த்தது. இறுதியில் அரசு இறங்கிவந்து அந்த நிறுவனத்துக்கு விதிகளில் தற்காலிக விலக்கு அளித்தது.

எமது பார்வையில் அந்த நிகழ்வின் மிகக் கவலைக்குரிய பகுதி இரத்தான பயணங்கள் அல்ல, அந்த விலக்குதான். பொதுமக்களின் கோபம் விதியின் மேல் திரும்பியது. விதியை நிறைவேற்றாதவர் அந்தக் கோபத்தைக் காட்டியே சலுகை பெற்றார். தூக்கத்துக்குத் தற்காலிக விலக்கு என்று ஒன்று கிடையாது. அதிகாலை மூன்று மணிக்கு மனித மூளை எந்த வர்த்தமானியையும் படிப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே 2024 செப்டெம்பர் முதலும், திருச்சிக்கு 2025 மார்ச் முதலும் சேவை நடத்தத் தொடங்கியதும் இதே நிறுவனந்தான் என்பதால் வடபகுதி வாசகர்கள் இதனை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

இயந்திரத்துக்கு எதிராக நாம் வாதாடுகிறோம் என்று எவரும் கருதலாகாது. சப்த கன்னியர் மலையில் மோதிய விமானத்தில் இன்றைய தரை அணுகல் எச்சரிக்கைக் கருவி இருந்திருந்தால் அந்த 191 பேரில் எவருக்கும் எதுவும் நேர்ந்திருக்காது என்றே எண்ணத் தோன்றுகிறது. அரை நூற்றாண்டில் விமானப் பயணம் பன்மடங்கு பாதுகாப்பானதாக மாறியதில் கணினிகளின் பங்கு பெரிது. 2022 ஜூன் 13 ஆம் திகதி இலண்டனில் இருந்து கொழும்பு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் விமானத்தை 33,000 அடியில் இருந்து 35,000 அடிக்கு ஏறுமாறு துருக்கி வான்பரப்பில் கட்டுப்பாட்டாளர் பணித்தார். அந்த உயரத்தில் 15 மைல் தொலைவில் மற்றொரு விமானம் வருவதைக் கண்ட விமானிகள் ஏற மறுத்தனர். மீண்டும் பணித்தபோதும் மறுத்தனர். அந்நிறுவனமே தன் விமானிகளின் விழிப்பையும் விமானத்தில் இருந்த நவீன கருவிகளையும் சேர்த்துப் பாராட்டி அறிக்கை வெளியிட்டது. கருவி காட்டியது, விழித்திருந்த மனிதர்கள் பார்த்தார்கள், அதிகாரத்துக்கு ‘இல்லை’ என்றார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறாகியிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, இருவரில் ஒருவரையும் குறைத்துவிடலாமா என்ற யோசனை விமான உற்பத்தியாளர்கள் மத்தியில் எழுந்துள்ளது. நீண்ட பயணங்களின் நடுப்பகுதியில் ஒரு விமானி உறங்க, மற்றவர் தனியே அமர்ந்திருப்பது முதற்கட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகவரகம் இதனை ஆராய்ந்து, இருவர் இருக்கும்போது கிடைக்கும் அதே அளவு பாதுகாப்பு இதில் கிடைக்கும் என்று இப்போதைக்கு நிறுவ முடியாது என 2025 இல் முடிவு தெரிவித்தது. ஆறுதலான முடிவுதான். எனினும் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மூன்றாமவரும் நான்காமவரும் ஐந்தாமவரும் வெளியேறியதும் இப்படித்தான். பரணில் தனியே காவல் இருக்கச் சொன்னால் வன்னி விவசாயி என்ன சொல்வார் என்பதை அந்த உற்பத்தியாளர்கள் ஒரு தடவை வந்து கேட்டுப் பார்க்கலாம்.

எமது நாட்டின் நிலை என்ன? 2022 பொருளாதார நெருக்கடிக்கும் 2023 ஜனவரியில் உயர்ந்த வருமான வரிக்கும் பின்னர் ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களை நாடிச் சென்றனர். ஒரு பிரதம விமானியை உருவாக்கப் பல ஆண்டுகள் செல்லும். அவர் விலகல் கடிதம் எழுத ஒரு மாலை போதும். எஞ்சியோர் மீதே பயணங்களின் சுமை ஏறுகிறது. 2024 செப்டெம்பரில் சிட்னியில் இருந்து கொழும்பு வந்த விமானத்தில், கழிவறைக்குச் சென்று திரும்பிய துணை விமானிக்குப் பிரதம விமானி கதவைத் திறக்க மறுத்தார் என்ற முறைப்பாட்டின் பேரில் அவர் பணியில் இருந்து நிறுத்தப்பட்டு விசாரணை நடந்தது. எமது பத்திரிகைகள் அதனை நகைச்சுவைத் துணுக்குப் போல வெளியிட்டன. முறைப்பாடு உண்மையாயின், பத்து மணித்தியாலப் பயணத்தின் ஒரு பகுதியில் அந்த விமானியறையில் கண்காணிப்பவர் எவரும் இல்லை என்பதல்லவா செய்தி?

சிவில் விமான சேவைகள் அதிகார சபை விமானிகளின் பறப்பு நேரத்துக்கும் ஓய்வு நேரத்துக்கும் விதிகளை வைத்திருக்கிறது. விதியில் உள்ள மணித்தியாலங்களை விட, அவை எத்தனை தடவை ‘விசேட அனுமதி’ என்ற பெயரில் நீட்டப்பட்டன என்பதே முக்கியம். அந்தக் கணக்கு ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். ‘நான் களைத்திருக்கிறேன், இன்று பறக்க முடியாது’ என்று அறிவிக்கும் விமானியின் சம்பளத்திலோ பதவி உயர்விலோ கை வைக்கக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தன்னியக்கத்தை நிறுத்திவிட்டுக் கையால் செலுத்திப் பழகும் பயிற்சி மணித்தியாலங்கள், செலவுக் குறைப்பின் முதற்பலியாக ஆகக் கூடாது. மக்கள் வரிப்பணத்தில் தாங்கி நிற்கும் ஒரு நிறுவனத்திடம் இதனைக் கேட்கும் உரிமை முல்லைத்தீவின் கடற்றொழிலாளிக்கும் உண்டு.

2025 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வழங்கப்பட்ட ஹஜ் ஒதுக்கீடு 3,500. பயண முகவர்களிடம் முற்பணம் கட்டும்போது தங்குமிடம் ஹரமில் இருந்து எவ்வளவு தூரம், சாப்பாடு எங்கே சமைக்கப்படும் என்றெல்லாம் எமது மக்கள் நுணுக்கமாக விசாரிக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் விமானம், அது வாடகைக்கு எடுக்கப்பட்டதா, அதன் விமானிகள் முந்திய இரவு எங்கே இருந்தார்கள் என்று கேட்பவர்கள் அரிது. 1974 இலும் 1978 இலும் வீழ்ந்தவை இரண்டும் யாத்திரைக் காலத்துக்கென வாடகைக்கு அமர்த்தப்பட்ட விமானங்களே. இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர் முகவர்களிடம் இருந்து எழுத்தில் பெற்றுப் பகிரங்கப்படுத்துமாறு முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

பயணிகளாகிய எமக்கும் ஒரு பங்கு உண்டு. ‘விமானப் பணியாளர்களின் ஓய்வுநேர விதி காரணமாகப் பயணம் மூன்று மணித்தியாலம் தாமதம்’ என்ற அறிவிப்பு வந்ததும் கரும பீடத்தில் நிற்கும் இளம் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு சத்தமிடுவது வழமையாகிவிட்டது. முல்லைத்தீவில் இருந்து இரவு முழுவதும் வானில் விழித்து வந்தவர்களின் எரிச்சல் புரிந்துகொள்ளக் கூடியதே. அந்த வானின் சாரதி மதவாச்சி தாண்டியதும் கண் சொருகத் தொடங்கியபோது, பக்கத்தில் இருந்தவர் தேநீர்க் கடையில் நிறுத்தச் சொல்லி அவரை முகம் கழுவ வைத்திருப்பார். கட்டுநாயக்கவில் அன்று அறிவிக்கப்பட்டதும் அதே தேநீர்க் கடைத் தரிப்புத்தான்.